பன்றின்னா கேவலம், ஹாம்னா கௌரவமா?

போன நத்தாருக்கு எங்கள் வீட்டில் ஹாம் செய்தோம். லயத்து வீட்டில், விறகடுப்பில், எலும்போடு ரெண்டரைக் கிலோ. பாகு பூசி, கராம்பு குத்தி, பளபளன்னு தட்டில் கொண்டுவந்து வைத்தபோது முதலில் போனை எடுத்து போட்டோ பிடித்தது பெரியப்பாதான். "பங்களாவில வைக்கிற மாதிரியே இருக்கேடா" என்றார். ஒரு துண்டு போதாமல் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.

இதே பெரியப்பா ரெண்டு வருசத்துக்கு முந்தி என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணி கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நத்தார் அது. அவங்க வீட்டில் நத்தார் என்றால் பன்றிக் கறி கட்டாயம். கொறக்காய் போட்டு, மிளகு தூக்கலாக, சட்டியில் சுண்ட வைத்த கறி. ஆசையாக ஆக்கி வைத்திருந்தாங்க. பெரியப்பா மூடியைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப மூடினார். "இதெல்லாம் நம்ம வீட்டு அடுப்புல ஏத்துறதில்ல. அந்த ஆக்கள் திங்கிறது" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நாங்களும்தான். அண்ணி சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாங்க. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவங்க பன்றிக் கறி வைத்ததே இல்லை.

ஒரே மிருகம். ஒரே மனுசன். இங்கிலீஷ் பெயரோடு வந்தால் போட்டோ, தமிழ்ப் பெயரோடு வந்தால் பின்பக்கம். இதைப் பற்றித்தான் எழுத நினைத்தோம்.

முதலில் ஹாம் என்றால் என்ன என்று பார்ப்போம். பன்றியின் பின்னங்கால். அதை உப்பிலும் கொஞ்சம் சீனியிலும் நைட்ரைட் என்கிற உப்பிலும் ஊறப்போட்டு, பல நேரம் புகையும் காட்டிப் பதப்படுத்தினால் அதுதான் ஹாம். வேகவைத்த பிறகும் அது இளஞ்சிவப்பாகவே இருப்பது நைட்ரைட்டின் வேலை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் இருக்க ஐரோப்பிய விவசாயிகள் கண்ட வழி இது. நம்ம ஆட்கள் இறைச்சியை உப்புப் போட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு வத்தல் போடுவதும் இதே கணக்குத்தான். மாரிக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் குடியானவன் சாப்பாடு அது. எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோதுதான் துரை சாப்பாடு ஆனது.

அது எப்படி ஆனது என்பது இங்கே எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த கதை. நுவரெலியாவை ஆங்கிலேயர் தங்களுக்கு ஒரு குட்டி இங்கிலாந்தாகவே கட்டிக்கொண்டார்கள். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் அங்கே பண்ணை போட வந்தபோது மாடு, செம்மறி, கருவிகள், வேலையாட்கள் என்று அத்தனையையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். 1876இல் ஹில் கிளப் வந்தது. இன்றைக்கும் அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார கோட்டும் டையும் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் மேட்டில் ஒரு பங்களா, பள்ளத்தில் லயம். பங்களாவின் குசினி வீட்டை விட்டு விலகிப் பின்னால் இருக்கும். அங்கே அப்பு, அப்புவுக்குக் கைவேலைக்கு ஒரு பொடியன், விறகு கொண்டுபோட ஒருத்தர்.

அந்த மேசைக்கு ஹாம் தானாக நடந்து போகவில்லை. ஏற்றத்தில் சுமந்தது, ஊறவைத்தது, தோல் உரித்தது, பாகு காய்ச்சியது எல்லாம் குசினிக்காரர்கள். எங்கள் தாத்தாவின் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு பங்களாவில் விறகுக்காரராக இருந்தவர். நத்தாருக்கு மறுநாள் ஹாம் எலும்பு அவர் பங்காக வரும். அதைப் பருப்போடு போட்டு ஒரு பானை நிறைய வேகவைத்து லயத்தில் நாலு வீட்டுக்குப் பகிர்ந்ததாக அப்பாயி இன்னும் சொல்லும். இறைச்சியை அவர் சாப்பிட்டாரா என்று கேட்டோம். "எலும்புல ஒட்டியிருந்தா உண்டு" என்றது.

ஒரு விசயம் கவனித்தீர்களா? துரைமாரின் வேதம் லயத்துக்கு வந்தது. 1854இலேயே தோட்டத் தமிழர்களுக்காக ஒரு மிஷன் தொடங்கினார்கள், அதன் பெயரே 'தமிழ் கூலி மிஷன்'. 1878இல் டிக்கோயாவில் கட்டிய வார்லி கோயில் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சாமி ஒன்று, பாட்டு ஒன்று, நத்தார் ஒன்று. மேசை மட்டும் வேறு. அந்த மேசையை வெளியில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் ஹாம் என்ற சொல்லுக்கு நமக்குள் இவ்வளவு மவுசு ஏறியிருக்கிறது.

இனி பன்றிக்கு வருவோம். இந்தியாவிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக்கொண்டு வந்தது சொந்தமும் சாதியும் பார்த்துத்தான். தொடக்கத்தில் லயம் பிரித்ததும் அப்படியே. மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே, இலங்கையிலும் சாதி தொடர்கிறது என்று சொல்லும் தலைப்பு. இப்போது யாரும் வெளியில் சாதி கேட்பதில்லை, ஒரே பீலியில் தண்ணி பிடிக்கிறோம், ஒரே பெரட்டுக்குப் போகிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கல்யாணப் பேச்சிலும் சாப்பாட்டுச் சட்டியிலும் அது பத்திரமாக இருக்கிறது. யார் வீட்டில் பன்றி வேகுது என்பதை வைத்து யார் எந்த ஆள் என்று கணக்குப் போடும் பழக்கம் எங்கள் லயத்தில் இன்னும் சாகவில்லை.

அதனால்தான் பன்றி சாப்பிடுகிற வீடுகளிலேயே அது ஒளிந்து வேகிறது. வெளியில் மூணு கல் வைத்த அடுப்பு, அதற்கென்று தனிச் சட்டி, இருட்டிய பிறகு சமையல். பள்ளிக்கூடத்தில் ஒளிவிழா முடிந்து, நத்தாருக்கு என்ன சாப்பிட்டீங்க என்று டீச்சர் கேட்டால் "கோழி டீச்சர்" என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புவார்கள். எங்களோடு படித்த எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது.

2024 கடைசியில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. பன்றிகளைக் கொல்கிற நோய், மனுசருக்குத் தொற்றாது. ஆனால் லயத்தில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? "அதத் தின்னா இப்படித்தான் வரும்." இறைச்சியைப் பற்றிய பேச்சு இல்லை அது, தின்கிறவர்களைப் பற்றிய பேச்சு. அதே கிழமை ஹட்டன் டவுனில் சொசேஜஸ் பக்கெட் வாங்கியவர்களை யாரும் அப்படிப் பேசி நாங்கள் கேட்கவில்லை.

இதில் எங்களை உறுத்துவது ஒன்று உண்டு. நம்மை வெளியில் சிலர் 'தோட்டக்காட்டான்' என்று சொல்லும்போது நமக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கெம்பஸில் யாராவது அந்தச் சொல்லைத் தெரியாமல் விட்டால்கூட நாங்கள் விடுவதில்லை, சண்டைக்குப் போவோம். 2023இல் மலையகம் 200 என்று சொல்லி மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்த நடையை நினைத்து இன்னும் பெருமைப்படுகிறோம். மரியாதை கேட்டு நடந்த நடை அது. அந்த மரியாதையை அடுத்த காம்பராவில் இருக்கிற குடும்பத்துக்குக் கொடுக்க நம்மால் முடியவில்லை என்றால், 'அந்த ஆக்கள்' என்ற சொல்லுக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, சமைத்த கதைக்கு வருவோம். ஹாம் என்ற பெயரைச் சொல்லிப் பெருமைப்பட நாங்கள் செய்யவில்லை என்று சொன்னால் பொய். தொடங்கியது அந்த ஆசையில்தான். விலையைக் கேட்டதும் பாதி ஆசை போய்விட்டது. நாங்கள் கொடுத்தது கிட்டத்தட்ட அம்மாவின் ஆறு பேர். தெரியாதவர்களுக்கு: ஒரு முழுநாள் வேலை செக்ரோலில் ஏறினால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது, அந்தக் கணக்கில் ஆறு நாள். அம்மாவின் காசில் கை வைக்கவில்லை, நாங்கள் டியூஷன் கொடுத்துச் சேர்த்ததில் வாங்கினோம். அம்மா 24ஆம் திகதி மலையிலிருந்து இறங்கி வந்து மறுபடி அடுப்படியில் நிற்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம். விடுமுறைச் சாப்பாடு என்றால் யாருக்கு விடுமுறை என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும் இல்லையா? எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தும் கரி போகவில்லை, அது வேறு கதை.

செய்முறை லேசுதான். நாங்கள் வாங்கியது உப்பிட்டுப் புகை காட்டிய, ஆனால் வேகாத கால். வேகவைத்ததும் விற்கிறார்கள், பக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணியில் ஊறப்போட்டு, நடுவில் ஒருதரம் தண்ணி மாற்றினோம். இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும். மறுநாள் பெரிய பானையில் புதுத் தண்ணி, ஒரு வெங்காயம், கறுவாப்பட்டை, பத்து மிளகு போட்டுச் சிறுதீயில் வைத்தோம். தளதளன்னு கொதிக்க விடக்கூடாது, ஓரத்தில் குமிழி வந்தால் போதும். அரைக் கிலோவுக்கு இருபத்தைந்து நிமிசம் என்பது பொதுக்கணக்கு. ஹட்டன் உயரத்தில் தண்ணி 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. அதனால் நாங்கள் அரை மணி கூடவே விட்டோம். வெப்பமானி இருந்தால் எலும்புக்குப் பக்கத்தில் 63 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்களிடம் இல்லை. தடித்த இடத்தில் கம்பி குத்திப் பார்த்தோம், லேசாக இறங்கி, தெளிந்த நீர் வந்தது.

ஆறியதும் தோலை மட்டும் உரித்து, கொழுப்பை விட்டுவைத்து, அதில் கத்தியால் சாய்சதுரமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கராம்பு. பாகுக்கு அரைக் கப் கித்துள் பாணி, அரைக் கப் அன்னாசிச் சாறு, அரைத்த கடுகு ரெண்டு தேக்கரண்டி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி. கரண்டியில் ஒட்டுகிற பதம் வரைக்கும் காய்ச்ச வேண்டும். நல்ல கித்துள் பாணி கிடைக்காவிட்டால் சர்க்கரையைக் கரைத்து எடுக்கலாம். எங்களிடம் அவன் கிடையாது. நத்தார் கேக் சுடுகிற அதே வித்தைதான்: பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, மேலே தட்டு, தட்டில் ஹாம், தகர மூடி, மூடிக்கு மேலே தணல். தேயிலை மிலாறுத் தணல் நின்று எரியும். பத்து நிமிசத்துக்கு ஒரு முறை மூடியைத் தூக்கிப் பாகு பூசினோம், மூன்று தரம். இனிப்பு என்பதால் கண்ணை எடுத்தால் கருகிவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் கருகியும்விட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம்.

இதை எழுதுகிறோம் என்றதும் கூட்டாளிகள் சிலர் மறுத்தார்கள். அவர்கள் சொன்னதையும் வைக்கிறோம்.

துரையைப் பார்த்துக் காப்பி அடிக்கிறீர்கள் என்றது ஒரு பேச்சு. பங்களாக் குசினியில் சமைத்தவர்கள் நம்ம ஆட்களும்தான். நூறு வருசம் சமைத்தவர்களுக்கு அதைச் சாப்பிடவும் உரிமை உண்டு. காசல்ரீ ஏரியைச் சுற்றிப் பழைய பங்களாக்கள் இப்போது ஹோட்டல்களாகி, துரை காலத்துச் சாப்பாடு என்றே விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிறார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர் சாப்பிட்டால் பாரம்பரியம், லயத்தில் செய்தால் காப்பியா?

உடம்புக்கு ஆகாது என்றது இன்னொரு பேச்சு. அது சரியான பேச்சு. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. தினம் சாப்பிடுகிற சாமான் இல்லை இது. வருசத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. அண்ணி வைக்கிற பன்றிக் கறியில் நைட்ரைட் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பன்றியே சாப்பிடாதவர்களை வற்புறுத்துகிறீர்களா என்றும் கேட்டார்கள். இல்லவே இல்லை. எங்கள் முஸ்லிம் கூட்டாளிகள் சாப்பிடுவதில்லை, அப்பாயி மச்சமே தொடுவதில்லை, அவங்களுக்கு அன்றைக்குத் தனியாக மரக்கறி ஆக்கினோம், கரண்டியும் வேறு. நான் சாப்பிடமாட்டேன் என்பது ஒருவருடைய நம்பிக்கை. அதைச் சாப்பிடுகிறவன் என்னைவிடத் தாழ்ந்தவன் என்பது சாதி. முதலாவதுக்கு மரியாதை கொடுப்போம். ரெண்டாவதுக்குக் கொடுக்க முடியாது.

அன்றைக்கு ராத்திரிக்கு வருகிறோம். பெரியப்பா ரெண்டாவது துண்டைக் கேட்டபோது அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாங்க. வெட்டிய துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, சத்தம் கூட்டாமல், "பெரிய மாமா, இது பன்றிக்கால்தான், தெரியும்தானே?" என்று கேட்டாங்க. பெரியப்பா சிரித்தார். "இது ஹாம்மா, அது வேற" என்றார்.

"வேற இல்ல மாமா. அதே பன்றி."

அன்றைக்கு நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரெண்டு வருசத்துக்கு முந்தி வாயை மூடிக்கொண்டு இருந்தது எங்களுக்கு ஞாபகம் இருந்தது. "அண்ணி சொல்றது சரிதான் பெரியப்பா" என்று ஒருத்தர் பின் ஒருத்தராகச் சொன்னோம். பெரியப்பா முகம் மாறியது. துண்டைச் சாப்பிட்டு முடித்தார், ஆனால் பேசவில்லை. ஸ்தோப்பில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார். நத்தார் அதுவுமாக ஒரு பெரிய மனுசனைக் கஷ்டப்படுத்திவிட்டீர்களே என்று அம்மாவுக்கு வருத்தம். அந்த வருத்தம் எங்களுக்கும் இல்லாமல் இல்லை. அவர் எங்களைத் தூக்கி வளர்த்தவர்.

பாத்திரம் எடுத்து வைக்கும்போது அண்ணி அம்மாவிடம் கேட்டாங்க: "அத்தை, அப்ப வருசப் பொறப்புக்கு நான் கறி வைக்கவா?" அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வையி. உள்ள அடுப்பிலேயே வையி" என்றது.

ஜனவரி ஒன்றாம் திகதி எங்கள் வீட்டு உள் அடுப்பில் முதல்தரம் பன்றிக் கறி வெந்தது. கதவு திறந்துதான் இருந்தது. பெரியப்பா வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். பெரியம்மா மட்டும் சாயங்காலம் வந்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் கறி வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனது. யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மூடாமல் எடுத்துக்கொண்டு போகிற நாள் வர வேண்டும்.

அடுத்த நத்தாருக்கு நீங்கள் ஹாம் செய்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். மேசையில் வைக்கும்போது அது என்ன என்று தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். எலும்பையும் வீசிவிடாதீர்கள். மைசூர்ப் பருப்பு, ரெண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள் போட்டு ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். உப்பு மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், எலும்பிலேயே இருக்கும். நாலு வீட்டுக்குக் காணும்.